பழம்படமும் பந்தயக் காரும்

ஒரு பழைய நிழற்படம் நம் கையிற் கிடைக்கின்றது எனக் கொள்வோம். விளிம்பு மஞ்சளித்து, மூலை மடிந்து, ஒட்டிய அட்டையிலிருந்து பாதி கழன்ற படம் அது. அகன்ற பாதையொன்றிலே நீண்ட முகப்பையுடைய காரொன்று விரைந்து செல்கின்றது. தோல் தொப்பியும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்த ஒருவர் அதனைச் செலுத்துகின்றார். அவர் பக்கத்தே மற்றொருவர் குனிந்திருக்கின்றார். பின்னே புழுதிப் படலம். நாம் காண்பது இவ்வளவே. செலுத்துபவர் யார்? கார் எது? ஊர் எது? ஆண்டு எது? படம் விடை கூறவில்லை. பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கின்றோம். அங்கும் ஓரெழுத்தும் இல்லை.

இத்தகைய படமொன்றை நடுவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உரையாடும் அன்பர் குழாம் மேனாடுகளில் உண்டு. பழைய பந்தயக் கார்களிடத்தே உள்ளத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஒருவர் தம் தந்தையாரின் பெட்டியிற் கண்ட படத்தைக் கொண்டு வருவார். மற்றொருவர் காரின் முன்னச்சை நோக்கி, அஃது இன்ன தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது என்பார். முதியவர் ஒருவர், “அன்று அவ்விடத்தில் நானும் நின்றேன்” என்று தொடங்குவார். புறத்தே நின்று நோக்குவார்க்கு இது வேலையற்றோர் விளையாட்டாகத் தோன்றுதல் கூடும். கார் செலுத்தவும் அறியாத தமிழாசிரியனாகிய யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். அவர்களுடைய முயற்சிகளைச் சிறிது கற்றபின் அவ்வெண்ணம் மாறியது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்து மூலத்தைத் துணியும் பதிப்பாசிரியர் செய்வது எதுவோ, அதனையே இவர்களும் செய்கின்றனர். அதனைச் சில சான்றுகளால் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறம் இழந்த சட்டைகள்

இவ்வன்பர்களின் நினைவில் முதலிடம் பெறுவது புறூக்லண்ட்ஸ் என்னும் பந்தயத் திடல். இங்கிலாந்தின் சறே மாகாணத்திலே, வெய்பிறிட்ஜ் என்னும் ஊருக்கு அருகில், ஹியூ லொக் கிங் என்னும் செல்வர் தம் சொந்த நிலத்திலே தம் பொருளைக் கொண்டு அதனை அமைத்தார். அக்காலத்தில் அந்நாட்டுப் பொதுவீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லுதல் சட்டவிரோதமாகும். விரைவான கார்களைச் செய்து சோதிக்க விரும்பியோர்க்கு இடமில்லை. அக்குறையைத் தீர்க்க 1907 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட புறூக்லண்ட்ஸ், மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதல் அமைக்கப்பட்ட திடல் என்பர். அதன் சுற்று ஏறக்குறைய 2¾ மைல். பாதையின் அகலம் 100 அடி. வளைவிலும் வேகம் குன்றாது திரும்புதற்பொருட்டுப் பாதையின் வெளிப்புறத்தைக் கிண்ணத்தின் உட்சுவர்போலச் சாய்த்து, ஏறத்தாழ 29 அடி உயரத்துக்குக் கொங்கிறீற்றால் எழுப்பியிருந்தனர்.

இத்தகைய பந்தயத்துக்கு முன்மாதிரி இல்லாமையால் நடத்தியோர் குதிரைப் பந்தய மரபையே பின்பற்றினர். குதிரைமேற் செல்வோரைப் போன்று காரோட்டியோரும் வெவ்வேறு நிறச் சட்டைகளை அணிந்தனர். அந்நிறத்தைக் கொண்டே இவர் இன்னார் எனப் பார்வையாளர் அறிதல் வேண்டும். விரைந்தோடும் காரில் இருப்பவரின் சட்டை நிறம் கண்ணுக்கு நன்கு புலப்படாமையால், பின்னர் கார்களில் எண்களை எழுதினர்.

இதனால் விளைந்ததைப் பாருங்கள். தொடக்க காலப் படங்களிலே காரில் எண் இல்லை. சட்டைக்கு நிறமுண்டு, ஆனால் படமோ கறுப்பும் வெள்ளையும். அன்று திரண்டிருந்தோர் கண்ட சிவப்பும் பச்சையும் இன்று நமக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றுகின்றன. நிறத்தைக் கண்ட கண்கள் மூடிவிட்டன. அவர்கள் எழுதி வைத்த குறிப்பும், பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த சொல்லுமே நமக்கு எஞ்சிய துணை.

1939 இல் உலகப்போர் மூண்டது. புறூக்லண்ட்ஸில் விமானங்கள் ஆக்கும் பணி பெருகிற்று. பந்தயம் நின்றது, அது மீண்டும் தொடங்கவேயில்லை. பாதையின் பகுதிகள் சிதைந்தன. 1946 இல் நிலமும் விமான நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. ஆயினும், பந்தயமில்லாத அக்காலமே பந்தய நினைவுகள் ஏடேறிய காலமாயிற்று. ‘மோட்டர் ஸ்போர்ட்’ என்னும் சஞ்சிகையை 1936 முதல் நடத்திவந்தவர் பில் பொடி என்பவர். போர்க்காலத்திற் பெற்றோலுக்குக் கட்டுப்பாடு. எழுதுதற்குப் புதிய பந்தயச் செய்தியும் இல்லை. அந்நிலையில், தாம் வைத்திருந்த கார்களைப் பற்றி வாசகர்கள் தாமே எழுதிய கட்டுரைகள் அவ்விதழில் தொடராக வெளிவந்தன. போர் முடிந்தபின் பொடி, புறூக்லண்ட்ஸின் வரலாற்றை 1948 முதல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். 2011 இல் தமது 98 ஆம் வயதில் மறையும்வரை அவர் எழுத்துப்பணியை விடவில்லை. 1967 இல் அன்பர்கள் ஒன்றுகூடிப் புறூக்லண்ட்ஸ் சங்கத்தை அமைத்தனர். எஞ்சிய பாதையைக் காத்தல் அச்சங்கத்தின் நோக்கமாயிருந்தது. 1991 இல் அவ்விடத்திலே நூதனசாலையும் திறக்கப்பட்டது.

‘விண்டேஜ்’ என்னும் சொல்லைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறலாம். முந்திரிப்பழ அறுவடையையும், இன்ன ஆண்டின் அறுவடையில் வடித்த மது என்பதையும் முதலிற் குறித்த சொல் அது. 1934 இல் தோன்றிய இங்கிலாந்துப் பழங்கார்க் கழகம் அச்சொல்லைக் கார்களுக்கு ஆண்டது. 1930 ஆம் ஆண்டு முடிவுக்குள் ஆக்கப்பட்டவற்றையே அக்கழகத்தார் விண்டேஜ் வகையுள் அடக்குவர். பழையது எதுவாயினும் விண்டேஜ் என்று இக்காலத்தார் வழங்குதல் சொல்லின் வரம்பைத் தளர்த்துவதாகும்.

படம் பொய் கூறுமோ?

எழுத்தில்லாப் படத்துக்கு எழுத்து அளிப்பது எவ்வாறு? அன்பர்கள் கையாளும் முறை நுட்பமானது. காரில் இருவர் இருக்கின்றனரா, ஒருவரா என முதலில் நோக்குவர். கிராண்ட் பிரீ பந்தயங்களில் சாரதியுடன் பொறிவினைஞர் ஒருவரும் செல்லும் வழக்கம் 1925 இல் ஒழிந்தது. ஆகவே, அப்பந்தயத்தில் இருவர் செல்லும் படமாயின் அதற்கு முற்பட்டதாகும். அடுத்து முன்சில்லுகளில் தடுப்புக் கருவி உண்டோ என நோக்குவர். பின்னணியும் பேசும். புறூக்லண்ட்ஸ் பாதை வேய் என்னும் ஆற்றைக் கடக்கும் இடத்திலே காலப்போக்கில் ஒரு மேடு ஏற்பட்டது. அதன்மேல் விரைந்த கார்கள் நிலத்தை விட்டு எழுந்தன. ஜோன் கொப் என்னும் வீரரின் நேப்பியர் ரெயில்ற்றன் கார் நான்கு சில்லுகளும் நிலத்திற் படாது பாயும் படம் புகழ்பெற்றது. அக்காரிலேயே அவர் 1935 ஒக்டோபர் 7 ஆம் நாள் மணிக்கு 143.44 மைல் வேகத்திற் சுற்றி, அத்திடலின் இறுதிச் சாதனையை நிலைநாட்டினார்.

இனி, பெயர் எழுதப்பட்ட படமும் பிழைபட்ட வரலாற்றைக் கூறுதல் உண்டு. ஷாக் ஆன்றி லார்ட்டீக் என்னும் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் இளமையில் எடுத்த பந்தயப் படமொன்றை அறியாத கலைமாணாக்கர் சிலரே. காரின் பின்சில்லு முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்கின்றது. கரையில் நிற்கும் மக்களோ எதிர்ப்புறம் சாய்கின்றனர். வேகத்தின் வடிவமே அதுவென்று கண்டோர் வியந்தனர். காரணம் கமராவின் அமைப்பே. படத்தகட்டின் முன்னே ஒடுங்கிய பிளவு ஒன்று மேலிருந்து கீழாக நகர்ந்து ஒளியை விடும். கமராவினுள் உருவம் தலைகீழாக விழுவதால், சில்லின் அடிப்பாகம் முதலிலும் மேற்பாகம் பின்னரும் பதியும். அதற்கிடையே கார் முன்னேறிவிடுவதால் சில்லு முன்னே சாய்ந்தது. காரைத் தொடர்ந்து கமராவையும் திருப்பியமையால் நின்ற மக்கள் பின்னே சாய்ந்தனர். 1963 இல் நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் நடந்த காட்சியால் லார்ட்டீக்கின் படங்கள் உலகப் புகழ் எய்தின.

அப்படத்தின் கீழே, ‘டெலாஜ் கார், பிரெஞ்சுக் கிராண்ட் பிரீ, 1912’ என்று நூலுக்கு நூல் எழுதிவந்தனர். கலைஞரும் திறனாய்வாளரும் அதனை ஐயுறவில்லை. ஐயுற்றோர் பழங்கார் அன்பர்களே. 1912 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் டெலாஜ் நிறுவனம் கலந்துகொள்ளவில்லையே. அவ்வாறாயின் இஃது எவ்வாறு டெலாஜ் ஆகும் என்று அவர்கள் வினவினர். காரிலுள்ள 6 என்னும் எண்ணையும் அதன் வடிவையும் வேறு படங்களோடு ஒப்புநோக்கினர். இது ஷ்னைடர் கார் என்றும், செலுத்தியவர் குரொக்கே என்றும் துணிந்தனர். ஆண்டும் 1912 அன்று, 1913 இல் அமியென் நகரில் நடந்த பந்தயமே என்பாரும் உளர். கலை நூல்கள் வழங்கிய பெயரைத் திருத்தியவர்கள், பழைய படங்களைச் சேர்ப்பதையே இன்பமாகக் கொண்டவர்கள். படத்தின் அழகு இதனாற் குறையவில்லை. ஆனால், அன்று உயிரைப் பணயம் வைத்து அக்காரைச் செலுத்திய மனிதர் தம் பெயரைத் திரும்பப் பெற்றார். அது சிறு செய்தியன்று.

மணலுள் கிடந்த சான்று

எழுத்துப் பிழைபடுவது போல நினைவும் பிழைபடும். அதற்குப் ‘பாப்ஸ்’ என்னும் காரின் வரலாறு சான்றாகும். லூயி ஸ்பொரொவ்ஸ்கி என்னும் பிரபு 27 லீற்றர் கொள்ளளவுள்ள விமான எஞ்சினைப் பூட்டி ஒரு பெருங்காரை அமைப்பித்தார். அவர் 1924 இல் இத்தாலியின் மொன்சாத் திடலில் இறந்தபின், வேல்ஸ் நாட்டவரான பொறியியலாளர் பரி தோமஸ் அதனை 125 பவுணுக்கு வாங்கித் திருத்தியமைத்துப் பாப்ஸ் எனப் பெயரிட்டார். 1926 ஏப்பிரிலில், வேல்ஸின் தென்கரையிலுள்ள பெண்டைன் மணற்கரையிலே மணிக்கு 171.02 மைல் வேகத்திற் செலுத்தி உலக சாதனை படைத்தார். 1927 பெப்ரவரியில் மல்கம் காம்பெல் அதனை முறியடித்தார். அதனை மீட்கும் நோக்குடன் மார்ச்சு 3 ஆம் நாள் அதே மணற்கரையில் ஓடியபோது கார் புரண்டது. தோமஸ் உயிர் துறந்தார். நண்பர்கள் அக்காரைத் தீண்ட மனமின்றி, விபத்து நிகழ்ந்த கரையிலேயே மணலிற் குழிதோண்டிப் புதைத்தனர்.

சில்லைச் சுழற்றும் சங்கிலி அறுந்து சாரதியைத் தாக்கியதே மரணத்துக்குக் காரணம் என்று நாற்பதாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தனர். நூல்களிலும் அவ்வாறே ஏறிற்று. 1969 இல் வேல்ஸைச் சேர்ந்த பொறியியல் விரிவுரையாளரான ஓவன் வின் ஓவன் அக்காரை வெளியே எடுக்க முற்பட்டார். மரித்தவரின் நினைவாகப் புதைத்ததைத் தோண்டலாமோ என்னும் வினா எழுந்தது. எளிதில் ஒதுக்கக்கூடிய வினாவன்று அது. உரிய இசைவு பெற்றே அவர் தோண்டினார். உப்பும் மணலும் தின்ற அவ்வுடலை மீள அமைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அழிந்துபோன மேலுடலின் வடிவை மீட்க முயல்வோனுக்குப் பழைய நிழற்படமன்றி வேறு வழிகாட்டி யாது? பாப்ஸ் மீண்டும் உயிர்பெற்று ஓடிற்று.

கார் வெளிவந்தபின் அதன் பாகங்களை ஆராய்ந்தோர் வேறொரு முடிவுக்கு வந்தனர். சங்கிலி முதற்காரணம் அன்று, பின்சில்லொன்று பழுதுற்றதே விபத்தை விளைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டதொரு வரலாற்றை மணலுள் கிடந்த இரும்பு ஐயத்துக்கு உள்ளாக்கிற்று. தோமஸின் காரை மூடிய மணல் அவர் மரணத்தின் காரணத்தையும் உடன் மூடி வைத்திருந்தது. கல்லறையைத் திறந்தமை மரித்தவர்க்கு அவமதிப்பு என்பார்க்கு இதுவே விடையாகும் என்று கருதுகின்றேன்.

பின்புறத்து எழுத்து

இவற்றால் நாம் கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. படம் தனித்து நின்று சான்றாகாது. அதற்குப் பெயர் வேண்டும். நினைவும் தனித்து நின்று சான்றாகாது. அது காலத்தால் மாறும். பொருளும் தானே பேசாது. பேசுவிக்கும் அறிவு வேண்டும். மூன்றும் ஓரிடத்துச் சேர்ந்தபோதே உண்மை புலனாகும். அவற்றைச் சேர்த்து வைப்பது அன்பர் கூட்டம். ஒருவர் படத்தைப் பெட்டியிற் பூட்டி வைத்தால் அஃது ஊமைப்படமே. பலர் முன்னே விரித்தால், அதனைத் திருத்தவும் நிரப்பவும் வல்லவர் ஒருவர் எங்கேனும் இருப்பார்.

ஆனால், அவ்வாறு வல்லவர்கள் என்றும் இருப்பாரல்லர். புறூக்லண்ட்ஸில் இறுதிப் பந்தயம் நடந்தது 1939 இல். அதனை இளைஞராய்க் கண்டு நினைவிற் கொண்டவர்கள் இன்று ஏறக்குறைய எல்லோரும் மறைந்துவிட்டனர். இனி அவர்களை வினவல் இயலாது. அவர்கள் எழுதி வைத்தது மட்டுமே நம்முடையது.

கார்களிற் பற்றில்லாதார்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் பெயரெழுதாத படங்கள் கிடக்கின்றன. முதியோர் ஒருவர் அவற்றை எடுத்துக் காட்டி, இவர் இன்னார், இஃது இன்ன ஊர் என்று சொல்லும்போது நாம் பாதி செவி கொடுத்துக் கேட்கின்றோம். அவர் போனபின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விழிக்கின்றோம். மாணாக்கர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பாட்டனார் பக்கத்தில் அமருங்கள். படத்தின் பின்புறத்திலே பெயரையும் ஊரையும் ஆண்டையும் மெல்ல எழுதுங்கள். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறியுங்கள். குரொக்கேயின் பெயரைத் தேடி அன்பர்கள் எத்துணை பாடுபட்டனர் என்பதை மேலே கண்டோம். அப்பாட்டை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வையாதீர்கள்.