புதுப் போன் வாங்கத்தான் வேணுமா?



"புது மொடல் வந்திட்டுது, மாத்துவமா?" என்று பிள்ளைகள் கேட்காத வீடு குறைவு. வருமானவரிக் காலத்தில் என்னிடமும் பலர் இதைக் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான்: மொடலைப் பார்க்காதீர்கள், மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பாதுகாப்பு. வங்கிக் கணக்கைப் போனில் பார்ப்பவர்கள், தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட போனை வைத்திருக்கக் கூடாது. 2024 இல் வந்த சாம்சுங் கலக்சி எஸ்24 இற்கு 7 வருடப் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, தொடர்பு. 2025 மே முதல் ஐபோன் 6 இல் வட்ஸ்அப் இயங்குவதில்லை. ஊரிலுள்ள அம்மாவின் முகத்தை அதில்தான் பார்க்கிறீர்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 இல் 3ஜி நிறுத்தப்பட்டபின், 000 அவசர அழைப்பை எடுக்க முடியாத போன்களுக்கு இணைப்பு வழங்கக் கூடாது என்பது விதி. வெளிநாட்டில் வாங்கிவந்த சில போன்களும் இதில் அகப்படும். தாய் தகப்பனின் போனைக் கட்டாயம் விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பற்றறி. சார்ஜ் நிற்கவில்லை என்றால் பற்றறியை மாற்றுங்கள், போனை அல்ல.

இனிக் கணக்கு. 1,500 டொலர் போனை 2 வருடம் பாவித்தால் வருடத்திற்கு 750 டொலர். இடையில் 150 டொலருக்குப் பற்றறி மாற்றி 5 வருடம் பாவித்தால் 330. வருடத்திற்கு 420 டொலர் மிச்சம். மாதத் தவணையில் வாங்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மூன்றும் சரியென்றால், கையிலிருக்கும் போனே போதும்.