கம்பைக் கவ்விக்கொண்டு ஓடிய கிராட்டு

2020 மார்ச். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ‘கிரஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சி. கிராட்டு என்ற பெரிய சடைநாய் ஓட வந்தது. போட்டி விதிப்படி தடைகளை வரிசையாகத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். கிராட்டுவின் திட்டம் வேறு. குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்த்தது. தாண்ட வேண்டிய கம்பை வாயில் கவ்விக்கொண்டு அரங்கைச் சுற்றி ஓடியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது.

கிராட்டு ருமேனியாவில் மீட்கப்பட்ட நாய். அது ஓடியதும் மீட்பு நாய்களுக்கென்றே நடக்கும் பந்தயம்தான். கைவிடப்பட்டு, காப்பகத்தில் கிடந்து, யாரோ ஒருவர் வீட்டுக்கு அழைத்துப்போன நாய்கள் அங்கே ஓடும். விளையாட்டின் பெயர் ‘டாக் அஜிலிட்டி’. நாம் நாய்த் தடை ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது பிறந்த கதையே வேடிக்கை. 1978-ல் லண்டனில் நடந்த இதே கிரஃப்ட்ஸில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போய்விடாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கண்காட்சிக் குழு உறுப்பினர் ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியை நாடினார். குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தை நாய் அளவுக்குச் சுருக்கினார்கள். அணிக்கு 4 நாய்களாக இரண்டு அணிகள் ஓடின. இடைவேளையை நிரப்ப வந்தது கூட்டத்துக்குப் பிடித்துப்போய்விட்டது. 1980-லேயே பிரிட்டனின் நாய் வளர்ப்போர் அமைப்பான கென்னல் கிளப் விதிகள் வகுத்து அங்கீகரித்தது.

களத்தில் சுமார் 20 தடைகள் இருக்கும். தாண்டும் கம்புகள், குழாய்கள், தொங்கும் வளையம் எல்லாம் பார்த்தவுடன் புரிபவை. தாண்டும் உயரம் நாயின் அளவைப் பொறுத்தது. பெரிய நாய்க்குச் சுமார் 60 செ.மீ., குட்டை நாய்க்கு அதில் பாதி. கம்பு லேசாகத்தான் வைக்கப்பட்டிருக்கும், இடித்தால் நாய்க்கு அடிபடாமல் கீழே விழும். விழுந்தால் 5 புள்ளி அபராதம்.

சுவாரசியம் பலகைகளில் இருக்கிறது. ஓரடி அகலம், நாலடி உயரத்தில் ஒரு நடைபாலம், ஓட்டுக்கூரைபோல இருபுறமும் சரிந்த ஒரு பலகை, ஒரு சீசா. இவற்றின் இரு முனைகளிலும் வேறு நிறம் பூசியிருப்பார்கள். இறங்கும்போது நாயின் ஒரு பாதமாவது அந்த நிறப்பகுதியில் பட்டாக வேண்டும். வேகத்தில் உச்சியிலிருந்தே குதித்துத் தோள்பட்டையை உடைத்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் இந்த விதி. பெரும்பாலும் மஞ்சள் பூசுகிறார்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, மஞ்சளும் நீலமும் தெரியும்.

சீசாதான் பயந்த நாய்க்குப் பெரிய சோதனை. நடுவைத் தாண்டியதும் காலடியில் தரை நழுவுகிறது, பிறகு ‘டப்’பென்று ஒரு சத்தம். பலகை தரையைத் தொடும்வரை நாய் அதிலிருந்து இறங்கக் கூடாது. பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் நாயை வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பயிற்சியில் முதலில் பலகையின் கீழே மெத்தை போட்டு ஓசையை அடக்குவார்கள். ஒவ்வொரு ‘டப்’புக்கும் ஒரு துண்டு இறைச்சி. மெத்தை நாளுக்கு நாள் மெலியும். சில வாரங்களில் நாய் தானாகவே பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்பிவிட்டு, இறைச்சி எங்கே என்று நிமிர்ந்து பார்க்கும்.

60 செ.மீ. இடைவெளியில் நட்ட 12 கம்புகளுக்கு நடுவே பாம்புபோல நெளிந்து போவதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் சரிசெய்த பிறகுதான் மேலே போகலாம். இயற்கையில் எந்த நாயும் செய்யாத அசைவு இது. கற்றுத்தரப் பல மாதங்கள் பிடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாய்க்கு வழி தெரியாது. தடைகளின் வரிசை ஒவ்வொரு பந்தயத்திலும் மாறும். ஓட்டத்துக்கு முன் மனிதர்கள் மட்டும் களத்தில் நடந்து பார்த்து மனப்பாடம் செய்வார்கள். நாயில்லாத களத்தில் நாய் இருப்பதாக நினைத்துக் கையை வீசித் திரும்பும் அவர்களைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஓட்டத்தில் கழுத்தில் வாரில்லை, கையில் தின்பண்டமில்லை, நாயைத் தொடவும் கூடாது. கையும் தோளும் கால் திரும்பும் திசையும் குரலும்தான் மொழி. நீங்கள் தோளை அரை நொடி தாமதமாகத் திருப்பினால் நாய் வேறு குழாய்க்குள் போயிருக்கும். போட்டியிலிருந்து இருவரும் வெளியே. என்னைக் கேட்டால், அந்தத் தவறுகளில் முக்கால்வாசி மனிதனுடையவை.

மனிதக் கை காட்டும் திசையைப் புரிந்துகொள்ள நல்ல சாதி நாய் வேண்டுமோ என்று கேட்கலாம். கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் நம் நாட்டுத் தெருநாய்களிடமே இதைச் சோதித்தார்கள். மூடிய இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் அச்சத்தில் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் சுட்டிய கிண்ணத்துக்கே போயின. எந்தப் பயிற்சியும் பெறாத நாய்கள் அவை. அறிவில் குறையில்லை, தடுத்தது அச்சம்தான்.

அதனால் மீட்பு நாய்க்கு முதல் பயிற்சி மைதானத்தில் நடப்பதில்லை. கை ஓங்கினால் அடி விழும் என்று பழகிய நாய், அதே கையைப் பார்த்து ஓட வேண்டும். புது வீட்டில் அது மிரட்சி நீங்க மூன்று நாள், வழக்கங்களுக்குப் பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். சில நாய்களுக்கு வருடமும் ஆகும்.

அமெரிக்காவில் கலப்பின நாய்களுக்கு இந்த விளையாட்டின் கதவு தாமதமாகவே திறந்தது. 2010-ல்தான் அமெரிக்கக் கென்னல் கிளப் அவற்றைத் தடை ஓட்டத்தில் சேர்த்தது. 2014-ல் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சி தடை ஓட்டம் தொடங்கியபோது அவையும் ஓடின. பத்தே ஆண்டுகளில், 2024-ல், நிம்பிள் என்ற சின்னஞ்சிறு கலப்பின நாய் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றது.

நீங்களும் உங்கள் தெருநாயுடன் தொடங்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் மூட்டுகளைக் காட்டுங்கள். எலும்பு முதிரும்வரை, அதாவது ஒன்றேகால், ஒன்றரை வயதுவரை, உயரத் தாண்ட விடாதீர்கள். ஒரு பலகையைத் தரையில் கிடத்தி அதன்மேல் நடத்துங்கள். இரண்டு செங்கல்மேல் ஒரு மூங்கில் கம்பு வைத்தால் முதல் தடை தயார். நாய் கம்பைத் தாண்டாமல் கவ்விக்கொண்டு ஓடினால் மட்டும் துரத்தாதீர்கள். அதுதான் விளையாட்டு என்று முடிவு செய்துவிடும்.