கப்பல் அடியில் ஒட்டும் சிப்பிகள்: கொல்லாமலே விரட்டும் பெயின்ட் எப்படி வேலை செய்கிறது?

மூலனூரிலிருந்து கடல் ரொம்ப தூரம். ஆனால், திருப்பூர் மாவட்டத்தில் தைக்கப்படும் டி-ஷர்ட்களில் பெரும்பகுதி தூத்துக்குடி துறைமுகம் வழியாகத்தான் வெளிநாடு போகிறது. கப்பலுக்கு எரிபொருள் செலவு கூடினால், அது சரக்குக் கட்டணத்தில் வந்து நிற்கும். அப்படிச் செலவைக் கூட்டும் ஒரு விஷயம், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் பாசியும் சிப்பியும்.

ஒட்டினால் என்ன ஆகும்?

கடல் நீரில் கிடக்கும் பரப்பில் முதலில் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் உருவாகும். பிறகு பாசி, கொட்டலசு, சிப்பி என ஒவ்வொன்றாகக் குடியேறும். அடிப்பாகம் சொரசொரப்பாகிவிட்டால், அதே வேகத்தில் போக இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். வெறும் 0.5 மி.மீ. படலம் அடிப்பாகத்தில் பாதியை மூடினாலே, பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் 25 முதல் 30% வரை உயரலாம் என்கிறது சர்வதேச கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) ஆய்வறிக்கை.

விஷம் கலந்தால் போதாதா?

பல ஆண்டுகள் அதைத்தான் செய்தார்கள். 1960-களில் டிரைபியூட்டைல் டின் (டி.பி.டி.) என்ற ரசாயனம் கலந்த பெயின்ட் வந்தது. அது ஒட்டும் உயிர்களோடு நிற்கவில்லை. பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. பிரான்ஸின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்புத் தொழிலே ஆட்டம் கண்டது. 2001-ல் ஐ.எம்.ஓ. ஒப்பந்தம் உருவாகி, 2008-ல் தடை அமலுக்கு வந்தது. இன்று பரவலாக இருப்பது தாமிரம் கலந்த பெயின்ட். அந்தத் தாமிரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில்தான் கரைகிறது.

கொல்லாத பெயின்ட் எப்படி?

நான்-ஸ்டிக் தோசைக்கல் மாதிரிதான். சிலிக்கோன் பூச்சில் உயிரினங்கள் வந்து உட்காரலாம். ஆனா பிடிமானம் கிடைக்காது. கப்பல் வேகமெடுத்ததும் தண்ணீரே அவற்றைத் தள்ளிவிடும். சிக்கலும் இருக்கிறது: விலை அதிகம், சீக்கிரம் கீறல் விழும். முக்கியமாக, கப்பல் ஓடிக்கொண்டே இருக்கணும். வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றால், ஒட்டியவை அங்கேயே வளரும்.

நமக்கு இதில் என்ன?

எண்ணூர், பழவேற்காடு பகுதி மீனவர்களைக் கேட்டால் தெரியும். அவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்கச் சிப்பி, உப்பங்கழியின் சேற்றுப் பரப்பைப் போர்வை போல மூடி, இறால் பிடிப்பைக் கெடுத்துவிட்டது. கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரிலோ, அடிப்பாகத்தில் ஒட்டியோ இது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கப்பலின் அடிப்பாகத்தைச் சோதித்து, சுத்தமாக வைத்திருக்க ஐ.எம்.ஓ. 2023-ல் புதுப்பித்த விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால், அவை வழிகாட்டுதல்கள் மட்டுமே, கட்டாயம் இல்லை. நல்ல பெயின்ட் அடித்தால் எரிபொருள் மிச்சம் கப்பல் நிறுவனத்துக்கு. அடிக்காவிட்டால் வரும் நஷ்டத்தில் ஒரு பங்கு, கப்பலே வைத்திருக்காத மீனவருக்கு.