நசுங்கிய தகடு பழையபடி திரும்புமா?

ஒரு காகிதக் கவ்வியை எடுத்து, நேரான பகுதியை நடுவில் வளையுங்கள். இப்போது அதை மீண்டும் நேராக்கிப் பாருங்கள். வளைந்த இடம் பிடிவாதமாக அப்படியே நிற்கும். அதன் இரு பக்கங்களும்தான் வளைந்துகொடுக்கும். பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

1941ல் மேல் புக்கிட் தீமா சாலையில் ஃபோர்டு நிறுவனம் ஓர் ஆலையைத் திறந்தது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டின் முதல் கார் ஒருங்கிணைப்பு ஆலை அது. (1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் சரணடைந்ததும் அங்குதான். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.) அந்தக் காலக் கார்களின் உடல், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு. விரலால் அழுத்தினால் உள்ளே போகும், எடுத்தால் திரும்பிவிடும். இது மீள்தன்மை. பலமாக அடிபட்டால் கதை வேறு. அணு அடுக்குகள் வழுக்கிப் புதிய இடத்தில் நின்றுவிடுகின்றன. எஃகுக்குள் இருக்கும் நுண்குறைகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதனால் அந்த இடம் கெட்டிப்படுகிறது. போதாக்குறைக்குத் தகடு நீண்டும் விடுகிறது.

ஆகவே பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினால் பள்ளம் போய் மேடு வரும். சிராங்கூன் சாலைக் கடைகளில் பித்தளைக் குடம் பார்த்திருப்பீர்கள். அது ஒடுங்கினால், உள்ளே தாங்கு கொடுத்து வெளியே மெல்லத் தட்டி எடுப்பார்கள். காருக்கும் அதே முறைதான். உள்பக்கம் டாலி எனும் இரும்புக் கட்டி, வெளியே சுத்தியல். கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும்.

நீண்டுபோன தகட்டை எப்படிச் சுருக்குவது? சூடாக்கித்தான்! ஒரு சிறு புள்ளியை மட்டும் சிவக்கச் சூடாக்குவார்கள். அது விரிய முயலும்; சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. பக்கவாட்டில் போக வழியில்லாமல் புள்ளி தடிக்கிறது. ஆறும்போது முன்பைவிடச் சிறிதாகச் சுருங்கி, சுற்றுப்புறத்தையும் இழுத்துக்கொள்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, பள்ளத்தில் பிசின் பட்டியைப் பூசித் தேய்த்துச் சாயம் அடித்தால் போதாதா? மெல்லிய பூச்சு தவறில்லை. ஆனால் துருவை மறைக்கக் கனமாகப் பூசுவது ஏமாற்று வேலை என்றே சொல்வேன். நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் அதிகம். 35 ஆண்டுகளைத் தாண்டி, தொன்மை வாகனத் திட்டத்தில் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். மீதி 320 நாளும் அந்தக் காற்றில் சும்மா நிற்கிறது. பட்டியில் விரிசல் விழுந்தால் ஈரம் உள்ளே போகும். இரும்பைவிடத் துருவுக்குக் கூடுதல் இடம் வேண்டும். அதனால் சாயம் கொப்பளிக்கும். வெளியே கொப்பளம் தெரியும்போது உள்ளே பெரும்பாலும் ஓட்டை விழுந்திருக்கும்.

துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைப்பதே சரியான வைத்தியம். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால், முன்பு உதவிய அதே சூட்டுச் சுருக்கம் தகட்டையே கோணலாக்கிவிடும். அதனால் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, ஆறியபின் அடுத்தது. ஒரு கதவுக்கே நாள்கணக்கில் ஆகலாம்.

பழைய கார் ஒன்றை அருகில் பார்க்க வாய்த்தால், உரிமையாளரிடம் கேட்டு, துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் சாயத்துக்கு அடியில் இருப்பது பட்டி. அலுமினிய உடல் கொண்ட கார்களில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது.