ஊசிக்கு அஞ்சிய ஊர்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய பீதிக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை

2013 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்ஸி நகரத்து மருத்துவமனை வாசலில் நீண்ட வரிசை. தடுப்பூசிக்கு வழக்கமாக வருபவை கைக்குழந்தைகள். அன்று மீசை அரும்பிய பள்ளி மாணவர்களும் பெற்றோருடன் காத்து நின்றார்கள்.

காரணம் தட்டம்மை. 2012 நவம்பரில் பரவத் தொடங்கி 2013 ஜூலையில் அடங்குவதற்குள் 1,200 பேருக்கு மேல் நோய் அறிகுறி பதிவானது. 88 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 25 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அதிகம் அவதிப்பட்டவர்கள் 10 முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள்.

ஏன் அந்த வயது? விடை 1997-ல் இருக்கிறது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியால் தங்கள் குழந்தைகள் பாதிக்கப்பட்டதாக நம்பிய பெற்றோரின் கதைகளை, அந்த ஆண்டு உள்ளூர் மாலைப் பத்திரிகை தொடர்ந்து வெளியிட்டது. பத்திரிகை விற்பனையாகும் பகுதியில் ஊசி போடும் விகிதம் 13.6 சதவீதம் சரிந்தது. வேல்ஸின் மற்ற இடங்களில் சரிவு 2.4 சதவீதம்தான்.

அடுத்த அடி லண்டனிலிருந்து வந்தது. 1998 பிப்ரவரியில் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் வெறும் 12 குழந்தைகளை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆனால் மூன்று ஊசிகளையும் தனித்தனியே போடலாம் என்று நிருபர்களிடம் வேக்ஃபீல்ட் சொன்னதுதான் ஊரெங்கும் பரவியது. தன் மகனுக்கு ஊசி போடப்பட்டதா என்று சொல்ல 2001-ல் பிரதமர் டோனி பிளேர் மறுத்தபோது சந்தேகம் வலுத்தது. தட்டம்மை பரவாமலிருக்க 95 சதவீதக் குழந்தைகளுக்கு ஊசி தேவை. இங்கிலாந்தில் 1995-96-ல் 92 ஆக இருந்த விகிதம் 2003-04-ல் 80-க்கு இறங்கியது.

பெற்றோரைப் பழிப்பது சுலபம். ஆனால் தட்டம்மையை அவர்கள் கண்ணால் பார்த்ததே அபூர்வம். ஊசி நோயை விரட்டிவிட்டதால், நோயைவிட ஊசியே பெரிய ஆபத்தாகத் தெரிந்தது.

உண்மை நிதானமாகத்தான் வந்தது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வக்கீல்களின் பணம் வேக்ஃபீல்டின் ஆய்வில் புழங்கியது 2004-ல் அம்பலமானது. 2010-ல் 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வும் ஊசியால் ஆட்டிசம் வருவதில்லை என்றது.

நமக்கும் இது அந்நியக் கதையல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் முந்திக்கொண்டன. பல பெற்றோர் தயங்கினார்கள். வதந்தி கிளம்பிய அன்றே மறுப்பு வீடு வீடாகப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வான்ஸி சாட்சி. அங்கே பெற்றோர் வரிசைக்கு வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்த பிறகுதான்.