கடைக்கு வராமல் போனவர்களின் கணக்கு

கல்லாவில் விழுந்த பணத்துக்குக் கணக்கு வைக்கிறோம். கடன் வாங்கிப் போனவருக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். ஆனால் நம் கடையைத் தேடிப் பார்த்துவிட்டு, வராமலேயே வேறு கடைக்குப் போனவரைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது.

முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக வந்தவர் டீக்கடையில் நின்று, "நல்ல மளிகைக் கடை எங்கே இருக்கிறது?" என்று விசாரிப்பார். டீக்கடைக்காரர் வழி காட்டுவார்; மாலையில் நம்மைப் பார்க்கும்போது, "இரண்டு பேர் உங்கள் கடையைக் கேட்டார்கள், வந்தார்களா?" என்பார். இன்று அந்த விசாரிப்பு செல்போனில், பெரும்பாலும் கூகுளில் நடக்கிறது. எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பதை அதுவும் நமக்குச் சொல்லும். காசு கேட்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

நம் பகுதிக்கு இது ஏன் அவசியம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாடிக்கையாளர் நிலையாக இருப்பதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஓர் ஆலை வந்தால் ஒரு தெருவே நிரம்புகிறது, போனால் காலியாகிறது.

இப்படி வருபவர்களில் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலத்தவர்கள். அவர்களுக்கு நம் தாத்தா காலத்துக் கடைப் பெயர் தெரியாது. தமிழ்ப் பலகையைப் படிக்கவும் தெரியாது. "கிரானா" என்று இந்தியில் தேடுவார்கள். அல்லது வேண்டிய சரக்கின் பெயரையே தேடுவார்கள். வீட்டுக்கே பொருள் அனுப்பும் பெரிய கம்பெனிகள், எந்தப் பகுதியில் எந்தப் பொருளை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்த்துத்தான் சரக்கு அடுக்குகின்றன. அந்தக் கணக்கில் நம் பங்குக்கு உள்ளதையாவது நாம் பார்க்க வேண்டாமா?

முதல் வேலை: கடையைப் பதிவு செய்தல்

கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பெயரைத் தேடுங்கள். யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கக்கூடும். இருந்தால், அது உங்களுடையது என்று உரிமை கோரலாம். இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கலாம். இதற்கு "பிசினஸ் புரொஃபைல்" என்று பெயர். இப்போது பெரும்பாலும் வீடியோ மூலம் சரிபார்க்கிறார்கள். தெரு, பெயர்ப்பலகை, கடையின் உட்புறம் ஆகியவற்றைக் காட்டி, கடையை நடத்துபவர் நீங்கள்தான் என்பது தெரியும்படி நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். பூட்டைத் திறப்பதையோ கல்லாவில் உட்காருவதையோ காட்டலாம்.

கடை நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு வெளியே வருபவர், அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடையைத்தான் தேடுவார். உங்கள் கடை திறந்திருந்தும் போனில் "மூடப்பட்டது" என்று காட்டினால், அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

மாதக் கணக்கு

பதிவு முடிந்து சில வாரங்கள் ஆனதும் "பெர்ஃபார்மன்ஸ்" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் உங்கள் பதிவைப் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் பொத்தானை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன வார்த்தையைத் தேடியபோது உங்கள் கடை வந்தது என்பவை அங்கே இருக்கும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட வார்த்தைகளுக்குச் சரியான எண் வராது. "15க்குக் குறைவு" என்றே காட்டும்.

இந்தக் கணக்கு எந்நாளும் அங்கேயே இருக்காது. மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் அந்த எண்களையும் முக்கியமான வார்த்தைகளையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் எழுதினால் ஆயுத பூஜைக்கு எத்தனை நாள் முன்பிருந்து பொரி, கடலையைத் தேடுகிறார்கள் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

இணையதளம் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு

விலைப்பட்டியலோடு சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் "சர்ச் கன்சோல்" என்ற இலவச வசதியில் தளத்தைச் சேர்க்க வேண்டும். தளம் உங்களுடையது என்று நிரூபிக்க ஒரு சிறு குறியீடு தருவார்கள். தளத்தை அமைத்துத் தந்தவர் சில நிமிடங்களில் அதைப் பதித்துவிடுவார். அதன்பின் எந்தத் தேடலில் உங்கள் தளம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பவை தெரியும். 16 மாதக் கணக்கு கிடைக்கும்.

உள்ளே வந்தவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், வாட்ஸ்அப் இணைப்பு வழியாக வந்தாரா, கூகுள் வழியாக வந்தாரா என்பதை "கூகுள் அனலிடிக்ஸ்" சொல்லும். அதன் பழைய வகை 2023 ஜூலை 1 முதல் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு அமைத்தவர்கள், புதிய வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிய வகையில் விவரமான பதிவுகளை 2 மாதமே வைத்திருக்கும்படி அமைப்பு இருக்கும்; அதை 14 மாதமாக மாற்றச் சொல்லுங்கள்.

எண்ணைப் படிக்கும் விதம்

எண்ணைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ பயன் தராது. ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடும், முடிந்தால் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடும் ஒப்பிட வேண்டும்.

உதாரணமாக, உங்கள் விலைப்பட்டியல் கடுகெண்ணெய்த் தேடலில் 200 முறை கண்ணில் பட்டு, உள்ளே வந்தவர் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் இருக்கிறார், உங்கள் பக்கம் அவருக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். அந்தச் சரக்கு இருந்தால் பெயரையும் அளவையும் விலையையும் தெளிவாகப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு பெட்டி வாங்கி விற்றுப் பாருங்கள்.

வார்த்தையையும் கவனியுங்கள். பீகார்க்காரர் "சத்து" என்று தேடினால் அவர் கேட்பது வறுத்த கடலை மாவு. நம் வீடுகளில் கஞ்சிக்குப் பயன்படுத்தும் பல தானியச் சத்துமாவு அல்ல. இது புரியாமல் சத்துமாவை வாங்கி அடுக்கினால் சரக்கு தேங்கும். சந்தேகம் வந்தால் கடைக்கு வரும் தொழிலாளியிடமே கேளுங்கள். எண் வழியைக் காட்டும். விவரத்தை மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

போன் பொத்தானை அழுத்தியவர் எல்லாரும் பேசியவர் அல்ல. வழி கேட்டவர் எல்லாரும் வந்தவர் அல்ல. நம் கடைப் பெயரை நாமே நம் போனில் தேடி, முதலில் வருகிறது என்று திருப்திப்படவும் கூடாது. கடைக்குள் நின்று தேடினால் நம் கடை முதலில் வருவதில் வியப்பில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

"கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து நீக்கப்படும்" என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யார் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது.

பதிவு உங்கள் சொந்த ஜிமெயிலில் இருக்கட்டும். தெரிந்த பையன் செய்து கொடுத்தான் என்று அவன் கணக்கிலேயே விட்டால், அவன் வேலை மாறிப் போனதும் கடைச்சாவி அவனோடு போன மாதிரி ஆகிவிடும். முதன்மை உரிமையாளராக நீங்கள் இருந்து, உதவி செய்பவருக்கு "மேனேஜர்" உரிமை மட்டும் கொடுங்கள்.

முன்பு பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த ஒரு பக்க இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்த முகவரியைப் பையிலும் பில்லிலும் அச்சடித்தவர்கள் உடனே மாற்ற வேண்டும். இலவசமாக வருவது ஒரு நாள் நிற்கலாம் என்பதால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறோம்.

கம்ப்யூட்டர் வேண்டாம், ஆள் வேண்டாம். கையில் உள்ள போனும் நாற்பது பக்க நோட்டும் போதும். மாதம் ஒரு முறை, ஜி.எஸ்.டி. கணக்குக்காக பில்களை எடுத்து உட்காரும் நாளில் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த மாதக் கொள்முதல் பட்டியல் எழுதும்போது அந்த நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.