கடலுக்குள் ஒரு காடு

காடு என்றதும் நம் மனக்கண்முன் வருவது யானையும் தேக்கு மரமும் தேனெடுக்கும் மலைமக்களும்தான். கருவேலமும் பனையும் நிற்கும் நம் வறண்ட இராமநாதபுரத்தில் காடேது என்று கேட்பீர்கள். அன்புத் தோழியரே, பாம்பனுக்குத் தெற்கே பாருங்கள். தண்ணீருக்கடியில் பவளப்பாறையும் கடற்புல்லும் பாசியும் அடர்ந்த காடு ஒன்று இருக்கிறது. 1986இல் அரசு அதைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. அதைக் காப்பதும் வனத்துறையே. எனவே அதை நம்பிப் பிழைப்போரைக் காட்டு மக்கள் என்றால் தவறில்லை அல்லவா?

எங்களோடு படிக்கும் ஒருத்தியின் தாயார் சின்னப்பாலத்தில் பாசி எடுப்பவர். இக்கட்டுரைக்காக நாங்கள் நால்வர் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனோம். முற்றத்தில் மரிக்கொழுந்துப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. பெயரில்தான் மரிக்கொழுந்து, வாசனையோ வேறு! அதிலிருந்து அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கிறார்கள். நாம் விரும்பித் தின்னும் பல இனிப்புகளை உறைய வைப்பது அதுதான். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் துணிகளில் சாயம் அச்சிட உதவுகிறது.

பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறை கிழிக்காமலிருக்கப் பாதங்களில் தகடு கட்டிக்கொள்வதும் உண்டு. "அப்படியும் கீறல் விழாத நாள் கிடையாது பிள்ளைகளா" என்று அந்த அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

அவரிடம் நாங்கள் கேட்க வந்தது வேறு. கடல் மாறிவிட்டதா?

"சித்திரையில தண்ணி சுடுதும்மா. பாசி வெளுத்து, தொட்டாலே இத்துப்போகுது" என்றார்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். பவளம் கல்லன்று, உயிர். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு நிறமும் உணவும் தருகிறது. கடல்நீர் வழக்கத்துக்கு மேல் பல வாரங்கள் சூடாக இருந்தால் பவளம் அந்நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கிறது; நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. அலைக்கு அரணான பவளத்தை முன்பு சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் வெட்டியெடுத்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் மறைந்ததற்கு அது ஒரு காரணம். கடல்மட்டம் உயர்வது இன்னொன்று. பாசி பற்றி வளர்வதும் பாறையில்தான். பாறை போனால் அந்த அம்மாவின் பிழைப்பும் போகும்.

அதனால் இப்பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள் மட்டுமே கடலிறங்குவது. இரும்பால் சுரண்டாமல் கையால் கிள்ளி எடுத்து, அடிவேரை விட்டுவிடுவது. கோடையில் ஏறத்தாழ 45 நாள் அறவே நிறுத்துவது. அவ்வூர் லட்சுமி மூர்த்தி என்பவருக்கு இப்பணிக்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. (வகுப்பறை விதிகளுக்கே முணுமுணுக்கும் எங்களுக்கு இதைக் கேட்டு வெட்கமாயிருந்தது.)

மாற்றுத் தொழில் இல்லையா? மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை வளர்க்கிறார்கள். நல்ல வருமானம் வந்தது உண்மை. ஆனால் 2013ஐ ஒட்டி அது பெருமளவில் அழுகியது. குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடவும் செய்தது. இதை முழு மாற்றாக எண்ண எங்களுக்குத் துணிவில்லை.

கோடையில் நிறுத்தும் அந்த 45 நாளைப் பற்றித் தோழியிடம் தனியே கேட்டோம். விசைப்படகுகளுக்கும் அப்போது தடைக்காலம். அப்பாவுக்கும் வேலை இராது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் கடனில்தான் வரும் என்றாள். "பிறகு ஏன் சம்மதித்தார்கள்?" என்றோம். "அப்போ எடுத்தா ஆடியில ஒண்ணும் இருக்காதுன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

நாங்கள் விடைபெறுகையில் அவள் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலை அம்மாவின் விரல்களில் சுற்ற வேண்டுமாம்.